ஒப்புக்கொண்டபடியால்

எண்ணெய் மில் முதலாளிதான் அந்த நாளில் அந்த ஊருக்கு மாஜிஸ்திரேட். சட்டம் படித்தவர் இல்லை, சம்பளமும் கிடையாது. சொத்துக்காரர், நாலு பேர் எழுந்து நிற்கிற ஆள், போதாதா என்று மேலே இருந்தவன் எவனோ நினைத்து ஓர் உத்தரவையும் ஒரு முத்திரையையும் அனுப்பிவைத்துவிட்டான். வாரம் முழுக்க எள்ளையும் கடலையையும் நசுக்குவார். புதன்கிழமை காலையில் மட்டும் மனிதர்களைக் கவனித்துக்கொள்வார்.

கோர்ட்டுக்கென்று தனிக் கட்டடமெல்லாம் இல்லை. மில்லின் முன்னறைதான் கோர்ட். ஒரு பக்கச் சுவரை மறைத்துப் பிண்ணாக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும். தரையில் எத்தனை சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் எண்ணெய்ப் பிசுக்குப் போகாது. குற்றவாளி வழுக்கி விழாமல் நிற்பதே பெரிய காரியம். பின்னால் மெஷின் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். நீதிக்காக மெஷினை நிறுத்த முடியுமா என்ன?

மில்லில் கணக்கு எழுதுகிறவரே கோர்ட்டுக்கும் எழுத்தர். எழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. அச்சடித்த தாள்களில் இடம் விட்ட இடத்தையெல்லாம் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே நிரப்பிவைத்துவிடுவார். இன்ன தேதியில், மார்க்கெட் வாசலில், இன்னார் தள்ளுவண்டியை நிறுத்திப் பாதையை மறித்த குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டபடியால், இன்ன அபராதம். "ஒப்புக்கொண்டபடியால்" என்பதை அவர் எழுதவும் வேண்டியதில்லை, அது அச்சிலேயே இருந்தது. முதலாளி புதன்கிழமை காலைக் காபியைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். சம்பந்தப்பட்டவர்கள் தலைவாரி வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் குற்றவாளிகள் ஆகியிருப்பார்கள். அப்புறம் வந்து நிற்பது, "ஒத்துக்கிறியா?" என்று எழுத்தர் கேட்பது, தலையாட்டுவது எல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். வருஷம் முடிந்ததும் தாள்களைக் கட்டாகக் கட்டி, அரக்கு வைத்து, பெரிய கோர்ட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே அதைக் கறையான்தான் படிக்கிறது என்று எல்லாருமே நம்பியிருந்தார்கள்.

கறையான் படிக்கவில்லை. யாரோ உத்தியோகஸ்தன் படித்துவிட்டான். அதனால்தான் மிளகாய்க்காரியின் பிழைப்பில் மண் விழுந்தது.

மிளகாய்க்காரி மார்க்கெட் வாசலுக்கு இடது கைப்பக்கம் முதல் இடத்தில் உட்கார்ந்து மிளகாயும் வெங்காயமும் விற்கிறவள். நல்ல இடம். உள்ளே போகிறவன் கண்ணிலும் படும், வெளியே வருகிறவன் கண்ணிலும் படும். அந்த இடத்துக்கான சீட்டு அவள் பேரில்தான் இருந்தது. அவள் புருஷன் இதே எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கியவன். ஒரு நாள் அடுக்கு சரிந்து இடுப்பில் விழுந்தது. அதோடு சரி. இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மிளகாய்க்குக் காம்பு கிள்ளிப் போடுகிறான். விரல் எரிகிறது என்று ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை, தண்ணீர்ப் பானைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருப்பான். இரண்டு பிள்ளைகள். அவள் உட்காருகிற அந்த முழ இடம்தான் நாலு வயிற்றுக்கும் சோறு.

அவளுக்கு அடுத்த இடம் கீரைக்காரிக்கு. மிளகாய்க்காரியின் ஓரகத்தி, புருஷனின் தம்பி பெண்டாட்டி. ஒரே வீட்டில் நடுவே சாக்குப் படுதா கட்டி இரண்டு குடித்தனம். கொழுந்தன் வண்டியோட்டி, வெளியூர்ப் பாரம் ஏற்றினால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. கீரைக்காரி பேசினால் பக்கத்தில் இருக்கிறவளுக்கே கேட்காது. மூத்தவள் மிளகாய்க்காரி அதற்கும் சேர்த்துப் பேசுவாள். பேரம் படியாமல் போகிற ஆள் தெருக்கோடி தாண்டும் வரை விடமாட்டாள்.

மார்க்கெட் சேவகன் ஒருத்தன் இருந்தான். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும், அதனால் அவன் பேரே ஊதல். மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று அவன் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, வாசலில் எந்த வண்டி துருத்திக்கொண்டு நிற்கிறது என்று பார்த்துத் தேதியை எழுதிக்கொள்வான். பேரை எழுதமாட்டான். மறுநாள் வந்து, "புதன்கிழமை யாரும்மா வர்றது?" என்று கேட்பான். யாருக்கு அன்று தோதுப்படுகிறதோ அவள் தன் பேரைக் கொடுப்பாள். அபராதம் எல்லாரும் போட்டுக் கட்டுவது. ஒருத்திக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்கு வீட்டில் விசேஷம் என்றால் இன்னொருத்தி போய் நிற்பாள். இதில் என்ன தப்பு இருக்கிறது? அடுப்புக்கு நெருப்பு கொடுக்கிற மாதிரி அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் பேரைக் கொடுத்தார்கள்.

மிளகாய்க்காரிக்குக் கோர்ட் என்றால் பயம் கிடையாது. அதனால் அந்த வருஷத்தில் அவள் மூன்று தடவை போய் நின்றாள். ஒன்று அவளுடைய கேஸ். மற்ற இரண்டும் கீரைக்காரியின் வண்டிக்கு. முதல் தடவை கீரைக்காரிக்கு நிறைமாதம். இரண்டாவது தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. "நீ பிள்ளையப் பாருடி, நான் போய்த் தலையாட்டிட்டு வந்துடறேன்" என்று போனாள். போய்த் தலையாட்டிவிட்டும் வந்தாள்.

மேலே தாள்களைப் படித்தவன் ஒரு விதி போட்டான். ஒரே வருஷத்தில் மூன்று தரம் தண்டனை பெற்றவர் வழக்கமான குற்றவாளி. அவருடைய மார்க்கெட் சீட்டு ரத்து. அந்த இடம் வரிசையில் அடுத்தவருக்கு.

ஊதல்தான் நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தான். முகத்தைப் பார்க்காமல் மிளகாய்க் குவியலைப் பார்த்துக்கொண்டு கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மில்லுக்கு ஓடி எழுத்தரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று தேதிகளையும் வாசித்தார். அடுத்த புதன்கிழமை வந்து ஏதாவது சொல்வதானால் சொல்லலாம், இல்லையென்றால் சீட்டு போயிற்று என்றார். இரண்டு கேஸ் என்னுடையதே இல்லை சாமி என்று அவள் உண்மையைச் சொன்னாள். எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். அதை மட்டும் வெளியே சொல்லாதே, இன்னொருத்தர் குற்றத்துக்குப் போய் நின்றது இதைவிடப் பெரிய குற்றம், நீயும் உள்ளே போவாய், உன் ஓரகத்தியும் கைப்பிள்ளையோடு உள்ளே போவாள் என்றார். இத்தனை வருஷம் எல்லாம் தெரிந்தே எழுதிய மனிதர், அதையும் அதே முத்து முத்தான குரலில் சொன்னார்.

அன்று சாயங்காலம் வெக்கை தாங்கவில்லை. இலை அசையவில்லை. வீட்டு வாசலில் மூத்தவள் வெங்காயச் சருகை உரித்துக் கொட்ட, இளையவள் ஈரச் சாக்கை விரித்துக் கீரையைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே புருஷன்காரன் இருமினான்.

"அக்கா, நான் போய்ச் சொல்லிடறேன். அந்த ரெண்டும் என் வண்டிதான்னு."

"சொல்லு. சொல்லிட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு ஜெயிலுக்குப் போ. நானும் கூட வர்றேன். இங்க இந்த மனுஷனுக்கு யாரு சோறு போடறது? உன் புருஷனா வண்டிய நிறுத்திட்டு வந்து ஆக்கிப் போடுவான்?"

"அப்ப என்னதான் பண்றது?"

"என்னைக் கேட்டா? உனக்கென்னடி குறைச்சல். வரிசையில அடுத்தது நீதான். முதல் இடம் உனக்குத்தான் வருது. வாசலப் பாத்து ஜம்முனு உக்காந்துக்க."

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன வாய்க்கே அது தெரிந்தது. ஆனால் கோபத்தை எங்கேயாவது காட்டியாக வேண்டியிருந்தது. மில்காரனிடம் காட்ட முடியாது, ஊதலிடம் காட்டிப் பிரயோசனமில்லை, மேலே உட்கார்ந்து விதி போட்டவன் மூஞ்சி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. கைக்கு எட்டினவள் இவள் ஒருத்திதான். கீரைக்காரி கட்டிய முடிச்சு அவிழ்ந்து கீரை மடியெல்லாம் கொட்டியது. அவள் அதைப் பொறுக்கவில்லை.

"எனக்கு அந்த இடம் வேணாம்க்கா."

"வேணாம்னா வேற எவளோ வந்து உக்காருவா. வேணும், வேணாம்னு சொல்றதுக்கு நீ யாரு, நான் யாரு?"

"அப்படிப் பேசாதக்கா. நீ என்னைத் திட்டு, அடி. அந்த இடத்துக்கு நான் ஆசைப்பட்டேன்னு மட்டும் சொல்லாத."

மூத்தவள் சருகை வாரி முறத்தில் போட்டாள். அந்தக் காரம் மூக்கில் ஏறியபோதுதான் சட்டென்று ஒன்று நினைவுக்கு வந்தது. எழுத்தர் வாசித்த கடைசித் தேதி. அது எந்த நாள்? முதலாளி மகள் கல்யாணத்துக்கு முதல்நாள் அல்லவா? அன்று விடியும் முன்னே ஆள் அனுப்பி, வண்டியில் இருந்த வெங்காயம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு, உரித்துக் கொடுக்க அவளையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். பொழுது சாய்கிற வரை பின்கட்டில் உட்கார்ந்து மலை மாதிரி வெங்காயம் உரித்தாள். முதலாளியே இரண்டு தரம் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, என் மக போறதுக்கு எனக்கு முன்னாடி நீ அழுவுற?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

"அடியே!" என்றாள் மூத்தவள். "அன்னைக்கு நான் மார்க்கெட்லயே இல்லடி. அவர் வீட்லதான் இருந்தேன். அவர் கண்ணால பாத்தாருடி!"

அன்று இரவு அவள் சோறு தின்றாள். புருஷனுக்கும் இன்னும் ஒரு கரண்டி போட்டாள். மூன்றில் ஒன்று போனால் இரண்டு. இரண்டுக்குச் சீட்டு போகாது. யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம். பார்த்தவர் வாயால் பார்த்தேன் என்று சொன்னால் போதும். பெரிய மனிதர், சொல்லாமல் இருப்பாரா?

அந்த மாதக் கேஸுக்குத் தானே வருவதாகக் கீரைக்காரி ஊதலிடம் பேர் கொடுத்திருந்தாள். அதனால் புதன்கிழமை இரண்டு பேரும் சேர்ந்தே மில்லுக்குப் போனார்கள். முன்னறையில் கும்பல். குடித்துவிட்டுத் தெருவில் படுத்த கிழவன் ஒருத்தன், மாட்டை அவிழ்த்துவிட்டவன், சாக்கடையில் சாயத் தண்ணீர் விட்டவன், மார்க்கெட் பெண்கள் சிலர். பிண்ணாக்கு வாடையும் வியர்வை வாடையும் சேர்ந்து குமட்டியது. முதலாளியின் மேஜைமேல் ஒரு அடுக்குத் தாள். எல்லாவற்றின் அடியிலும் மசி காய்ந்திருந்தது.

மிளகாய்க்காரியை முதலில் கூப்பிட்டார்கள். அவள் வணங்கினாள். படபடவென்று பேசுகிறவள் அன்று நிதானமாகவே சொன்னாள். கடைசித் தேதிக்கு நான் வாசலில் வண்டி நிறுத்தவில்லை ஐயா, ஐயா வீட்டுப் பின்கட்டில் வெங்காயம் உரித்தேன், ஐயா வந்து பார்த்தீர்கள், அழுகிறாயே என்றுகூடக் கேட்டீர்கள் என்றாள்.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. நல்லவர்தான், பாவம், மறுக்கவில்லை.

"ஆமா. நீ எங்க வீட்லதான் இருந்த. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

கும்பலில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. மிளகாய்க்காரி திரும்பி ஓரகத்தியைப் பார்த்தாள்.

"ஆனா தாள்ல நீ ஒத்துக்கிட்டதா இருக்கேம்மா" என்றார் முதலாளி.

"நான் அங்க இல்லவே இல்லைன்னு ஐயாவுக்கே தெரியுமே."

"தெரியும். ஆனா ஒத்துக்கிட்டிருக்க. கட்டு கட்டி மேல அனுப்பியாச்சு. அனுப்பினதத் திருத்த எனக்கு அதிகாரம் கிடையாது. எழுதினது எழுதினதுதான்."

"அப்ப அந்தத் தாள்ல கையெழுத்துப் போடும்போது இது பொய்யின்னு ஐயாவுக்குத் தெரியாதா?"

முதலாளிக்குச் சுருக்கென்றது. "இத்தனையையும் படிச்சுப் பாத்தா நான் கையெழுத்துப் போடறேன்?" என்றார்.

அவர் அதைத் தன் பக்க நியாயமாகத்தான் சொன்னார். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். எழுத்தர் பேனாவைத் தட்டி, அமைதி, அமைதி என்றார். மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மிளகாய்க்காரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு மூட்டை வத்தலை மூஞ்சியில் கொட்டின மாதிரி இருந்தது. அவருடைய பிண்ணாக்கு மூட்டையில் ஒரு சேர் குறைந்தால் மில்லையே தலைகீழாகப் புரட்டுகிறவர். எள்ளில் கல் கிடந்தால் கொண்டுவந்தவன் வம்சத்தையே இழுத்துத் திட்டுகிறவர். அதையெல்லாம் படிப்பார், நிறுப்பார், மறுபடி நிறுக்கச் சொல்வார். அவள் பேர் எழுதின தாளைப் படிக்க மட்டும் நேரமில்லை.

முதலாளி குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். சீட்டு ரத்துதான், அதில் மாற்றமில்லை. இடம் அடுத்து கீரைக்காரிக்குத்தானே வருகிறது, ஒரே குடும்பம்தானே, அவள் பேரில் நீயே உட்கார்ந்து விற்றுக்கொள், யார் கேட்கப் போகிறார்கள் என்றார். தயவு செய்துவிட்ட திருப்தியில் நாற்காலியில் சாய்ந்தார். இன்னொருத்தி பேரில் போய் நின்றதற்காகத்தான் அவளுக்கு இத்தனையும். அதையே இன்னொரு தரம் செய் என்கிறார்! மிளகாய்க்காரி வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை. அவள் வாழ்நாளில் அப்படி ஆனதில்லை. சுவரோரம் போய் மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

எழுத்தர் அடுத்த தாளை எடுத்தார். கீரைக்காரி. மார்க்கெட் வாசலில் வண்டி நிறுத்திப் பாதையை மறித்தது.

"ஒத்துக்கிறியா?" கேட்டுக்கொண்டே தாளை முடிந்துபோன அடுக்கின்மேல் வைக்கப் போனார்.

கீரைக்காரி ஏதோ சொன்னாள். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

"என்னது? தலைய ஆட்டு, போதும்."

"இல்லைங்க."

எழுத்தரின் கை அந்தரத்தில் நின்றது. "என்ன இல்ல?"

"நான் ஒத்துக்கலைங்க."

அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. எழுத்தர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஊதலைப் பார்த்தார். ஊதல் விசிலைத் தடவினான். எழுத்தர் மேஜைமேல் குனிந்து, விவரம் தெரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல், இங்கே பாரம்மா, ஐயா கையெழுத்துப் போட்டாகிவிட்டது, தாள் வீணாகிவிடும் என்றார்.

கீரைக்காரி சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

"நான் வீட்ல கிளம்பறதுக்கு முன்னாடியே இங்க ஒத்துக்கிட்டேனா?"

முதலாளி முகம் கறுத்தது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சாட்சி கேட்டாக வேண்டும், அந்த அளவு சட்டம் அவருக்கும் தெரியும். ஊதலைக் கூப்பிட்டார். வண்டி எந்த இடத்தில் நின்றது, எந்நேரம், எத்தனை பேருக்கு வழி அடைந்தது என்று சத்தியம் பண்ணிச் சொல் என்றார். ஊதல் வாசல் என்றான், வாசலுக்குப் பக்கம் என்றான், அன்று வெயில் அதிகம் என்றான். அவன் பார்த்ததெல்லாம் டீக்கடை பெஞ்சிலிருந்து. எழுத்தர் வேறு தாள் தேடினார். "ஒப்புக்கொண்டபடியால்" இல்லாத தாள் ஒன்றுகூட இருக்கவில்லை. கடைசியில் எண்ணெய்க் கணக்குத் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் ஊதல் உளறுவதை முதல்தடவையாகக் கையாலேயே எழுதினார். எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. வழக்கமாகக் காபி ஆறுவதற்குள் முடிகிற கோர்ட் அன்று இழுத்துக்கொண்டே போனது. அடுத்துக் கூப்பிட்ட குடிகாரக் கிழவன், எனக்கு நேரமாகிறது என்று ஒத்துக்கொண்டு போய்விட்டான். சாயத் தண்ணீர்க்காரன் யோசித்து யோசித்து, நானும் ஒத்துக்கலைங்க என்றான். முதலாளி எரிச்சல் தாங்காமல் கீரைக்காரி கேஸைத் தள்ளுபடி பண்ணிவிட்டு, எல்லாரையும் போகச் சொன்னார்.

ஆனால் மேலே போன கட்டு போனதுதான். மிளகாய்க்காரியின் சீட்டைக் கத்தரித்துப் பாதியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

வெளியே கண்ணைக் குத்துகிற வெயில். இரண்டு பேரும் நடந்தார்கள். பாதி வழியில் மூத்தவள் நின்று இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் சொன்னதை மனசில் வைக்காதே என்று சொல்ல நினைத்தாள். "கட்டு கட்டத் தெரியாதவ, இன்னைக்கு என்னமா வாயக் கட்டிப்போட்டடி அவனுங்கள" என்றுதான் வந்தது. கீரைக்காரி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

மிளகாய்க்காரி வீட்டுக்குப் போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசலுக்கு இடது கைப்பக்கம், எப்போதும் உட்காருகிற அதே இடத்தில் சாக்கை விரித்தாள். மிளகாயைக் கொட்டினாள். தராசை மாட்டினாள். பக்கத்து இடத்தில் கீரைக்காரி கீரைக்குத் தண்ணீர் தெளித்தாள். கொஞ்ச நேரத்தில் ஊதல் வந்தான். விசிலை வாய்க்குக் கொண்டுபோனவன் ஊதாமல் இறக்கினான். சீட்டு இல்லாமல் உட்காரக் கூடாதும்மா, எழுதியாக வேண்டும், எனக்கும் வேலை இருக்கிறது என்றான்.

அவள் ஒரு ஆளுக்கு மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தாள். முள் நடுவில் நிற்கும் வரை பொறுத்து, அந்த ஆளின் பையில் கொட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"எழுது. என் பேரையே எழுது. இங்கதான் உக்காந்திருந்தேன்னு எழுது, இந்நேரம்னு எழுது. ஒத்துக்கிட்டேன்னு மட்டும் எழுதாத."